எனக்குத் தண்ணி டீசல் என்று பேர் வந்தது

போன மாதம் என் மகனுடைய பழைய பிக்கப் கராச்சர்மா மேட்டில் திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசிக்கிறது, முனகுகிறது, அப்புறம்தான் ஏறுகிறது. பட்டறையில் ஒரு பையன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், ஸ்டியரிங்குக்குக் கீழே கம்ப்யூட்டர் ஒயரைச் சொருகிப் பார்த்தான். அப்புறம் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "டீசல்ல பானி இருக்கு அங்கிள். யார் ஊத்தினது?" என்று கேட்டான்.

ஊற்றியது நான்தான். தண்ணீரும் இருந்தது. கண்ணாடிக் கிளாசில் பிடித்துக் காட்டினான், அடியில் தனியாகத் தெரிந்தது. பையன் மேல் தப்பே இல்லை. ஆனாலும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். மகன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "அப்பா, அவன் சாதாரணமாத்தான் கேட்டான்" என்றான். சாதாரணமாகக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு அறுபது தாண்டிவிட்டது. டீசலில் தண்ணீர், ஊற்றினது யார் என்று எவனாவது கேட்டால் இன்றைக்கும் என் இடது கன்னம் சுடுகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு டிப்பர், பிக்கப், ஜேசிபி என்று என் பேரில் வண்டிகள் ஓடுகின்றன. போர்ட் பிளேயரில் வீடு கட்டுகிறவன் கல்லுக்கும் மணலுக்கும் முதலில் எனக்குத்தான் போன் அடிப்பான். கார் நிக்கோபாருக்குக் கப்பலில் டிப்பர் ஏற்றி அனுப்பிய முதல் தமிழன் நான்தான். இல்லை, நாங்கள்தான் என்று சொல்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பியது டிப்பரே இல்லை. படுக்கையில் படுத்தபடியே ரோட்டில் போகிற எஞ்சினின் சத்தத்தைக் கேட்டு அதற்கு என்ன நோய் என்று சொல்வேன். இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்து வயதில் தானாக வந்தது. வந்த அன்றைக்கு ஊரே கூடி எனக்கு மாலை போட்டிருக்க வேண்டும். அறைதான் விழுந்தது.

நாங்கள் அப்போது போர்ட் பிளேயருக்கு வெளியே, கடலோரத்து வண்டூரில் இருந்தோம். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். அப்பாவும், அவருடைய தம்பியான என் சித்தப்பாவும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் ஒரே வள்ளத்தில் மீன் பிடித்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்த வள்ளம் போய்விட்டது. அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல், கடலுக்குப் போகவில்லை. சித்தப்பா நீந்திக் கரை சேர்ந்தார். மாமா வரவில்லை. காற்று அடித்தது, வள்ளம் கவிழ்ந்தது என்று எனக்குச் சொன்னார்கள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா கடலை விட்டார். சர்க்கார் ஏலத்தில் ஒரு டீசல் பிக்கப்பை எடுத்தார். ஏலத்துக்கு வரும்போதே அதற்குக் கிட்டத்தட்ட என் வயசு. பம்பு டீசலை அழுத்தி அனுப்ப, நாசில் அதைப் பனி மாதிரி எஞ்சினுக்குள் தெளிக்கும். அந்த வகை எஞ்சின் தீவில் அப்போது குறைவு, அதனால் அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசினார்கள். வண்டூரில் இறங்கும் மீனைக் கூடை கூடையாக ஏற்றி போர்ட் பிளேயரில் ஜங்லிகாட் சந்தைக்குக் கொண்டுபோவது தொழில். அப்பா ஓட்டுவார். சித்தப்பா கூடை ஏற்றுவார், இறக்குவார். அவரும் கடலில் கால் வைப்பதில்லை, வண்டியிலும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார்.

டீசல் என் பொறுப்பு. டவுனிலிருந்து டிரம்மில் வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் வைத்திருப்போம். ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி டின்னில் பிடிப்பேன். அம்மாவின் பழைய சேலைத் துணியை இரண்டாக மடித்துப் புனலில் போட்டு, அதன் வழியாகத்தான் வண்டியில் ஊற்றுவேன். டீசலில் தண்ணீர் இருந்தால் அது அடியில்தான் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். டிரம்மின் அடி டீசலை நான் எடுத்ததே கிடையாது. பெரியவர்களில் பாதிப்பேருக்கு இல்லாத சுத்தம் எனக்கு இருந்தது. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்லவில்லை.

மழை தொடங்கிக் கொஞ்ச நாளில் வண்டிக்கு அந்த நோய் வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது குதிரை மாதிரி போகும். ஹம்ப்ரிகஞ்ச் தாண்டி ஏற்றத்துக்கு வந்தால் இரும ஆரம்பிக்கும். அப்பா மிதிப்பார், அது யோசிக்கும். இன்னும் மிதிப்பார், விக்கும். பாதி மேட்டில் நின்றுவிடும். அப்பா இறங்கி, டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். போனட்டைத் தூக்கிக் கைப்பம்பை அடித்து, பைப்பில் இருக்கும் காற்றை வெளியே எடுப்பார். சித்தப்பா டயருக்குக் கல் வைத்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்பார். அப்புறம் சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். கைப்பம்பு அடித்ததால் கிளம்பியது என்பார் அப்பா. மாதா கிளப்பினாள் என்பார் சித்தப்பா. மூடியைத் திறந்ததை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை.

மீன் காத்திருக்காது. சந்தை கலைகிற நேரத்தில் போய்ச் சேர்ந்த மீனை யார் வாங்குவார்கள்? மீன் முதலாளி ஆள் அனுப்பினார். இனி ஒரு நாள் வண்டி வழியில் நின்றால் சரக்கை வேறு லாரியில் ஏற்றிக்கொள்வேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சரக்கால்தான். வள்ளமும் இல்லை, வண்டியும் இல்லை என்றால் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான் என்று அம்மா சொன்னாள்.

அப்பா மிஸ்திரியைக் கூட்டிவந்தார். பெங்காலி. நல்ல வேலைக்காரர் என்று பேர். ஃபில்டரை மாற்றினார், நாசிலைக் கழற்றித் துடைத்துப் போட்டார், பைப்பு பைப்பாக முறுக்கிப் பார்த்தார். மறுநாள் வண்டி அதே மேட்டில் அதே மாதிரி நின்றது. திரும்பவும் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, பீடியைப் பற்றவைத்து, "தேல் மே பானி ஹை" என்றார். டீசலில் தண்ணீராம். ஊற்றுவது யார் என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏல, துணி போட்டுத்தான ஊத்துத?"

"ரெண்டா மடிச்சி ஊத்துதேன்."

"டிரம்ம மூடி வைக்கியா?"

"இறுக்கித்தான் வைக்கேன்."

"அப்பம் தண்ணி எங்க இருந்து வந்துச்சு? நீ வச்சிருக்க துணி நனைஞ்ச துணியா?"

"தண்ணி இருந்தா ஃபில்டர் கிண்ணத்துல தெரியும்லா. அவர தொறந்து காட்டச் சொல்லுங்க."

மிஸ்திரிக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். சிரித்தார். "அரே, சோட்டா மிஸ்திரி ஆ கயா" என்றார். குட்டி மிஸ்திரி வந்துவிட்டானாம். அப்பாவும் சிரித்தார். கிண்ணத்தை மட்டும் யாரும் திறந்து காட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒருத்தன் மேல் பழி போடுகிறாய், சரி. பழி போடுவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கக்கூடாதா?

அடுத்த நாள் மேட்டில் வண்டி நின்றபோது நானும் கூட இருந்தேன். டீசலைப் பார்க்கட்டும் என்று தண்டனை போல என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். "தொற, நீயே பாரு உன் லட்சணத்த" என்றார் அப்பா. மூடியைத் திருகினேன். திருகித் தூக்கினால் வரவில்லை. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்து மூடி கையோடு வந்தது. டாங்க் வாய்மேல் உள்ளங்கையை வைத்தேன். கையை உறிஞ்சியது. அது வெளியே விட்ட மூச்சு இல்லை. தண்ணிக்குள் முங்கி எழுந்தவன் இழுக்கிற மாதிரி உள்ளே இழுத்த மூச்சு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் தினமும் டிரம்மில் டீசல் உறிஞ்சுகிறவன். டிரம்மின் காற்று மூடியை இறுக்கி வைத்துவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வரும், அப்புறம் கன்னம் வலிக்குமே தவிர டீசல் வராது. உள்ளே காற்று போனால்தான் டீசல் வெளியே வரும். அந்த மூடியைத் தளர்த்திவிட்டு உறிஞ்ச வேண்டும் என்று நான் வாயில் டீசல் பட்டுக் கற்றுக்கொண்டது. எஞ்சினும் என்னை மாதிரி உறிஞ்சத்தானே செய்கிறது?

ஆனால் நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் பேசுவதற்கு நான் என்ன மிஸ்திரியா?

மறுநாள் காலையில் டீசல் ஊற்றியதும் மூடியை இறுக்காமல் சும்மா ஒப்புக்கு வைத்தேன். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் மேடு ஏறியது. ஜங்லிகாட்டில் அப்பா மூடி தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மழத்தண்ணி இப்பிடித்தாம்ல போயிருக்கு" என்று என் காதைத் திருகினார். அவரே மூடியை இறுக்கினார். திரும்பிவரும்போது, கூடைகள் எல்லாம் காலி, பாரமே இல்லை, அப்படியும் வண்டி விக்கி நின்றது. வலித்த காதைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். இந்த வண்டிகளின் டாங்க் மூடியில் காற்றுப் போவதற்கென்று ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைக் காணோம். இருந்த இடத்தில் கறுப்பாக, பளபளவென்று, விரலால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாதபடி எதையோ வைத்து அடைத்திருந்தது. மோந்து பார்த்தேன். குங்கிலியம். பஞ்சைத் திரித்து உள்ளே செருகி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசி, கட்டைவிரலால் வழித்துவிட்டிருந்தது. வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் ஏறாமல் இருக்க அடிப்பார்களே, கலப்பத்து, அதேதான். எங்கள் வீட்டில் அந்த வேலை தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். மழை வரப்போகிறது, டாங்க் மூடியில் ஓட்டை இருக்கிறது, பார்த்திருக்கிறார், அடைத்திருக்கிறார். கடலில் வளர்ந்தவருக்கு ஓட்டை என்றால் அடைக்கத்தான் தெரியும். ஓட்டை என்று ஒன்று தேவைப்பட்டு வைத்திருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மூடியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன். நல்ல கூட்டம். மிஸ்திரி வண்டிக்கு அடியில் இருந்தார். முதலாளியின் ஆள், சரக்கை லாரிக்கு மாற்றுகிற செய்தியோடு வந்து நின்றிருந்தார். அப்பா அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். சித்தப்பா கூடைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா வந்தவருக்கு டீ கொண்டுவந்தாள். எனக்கு இதைவிட நல்ல சபை கிடைக்காது என்று நினைத்தேன். மூடியை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"வண்டிக்கு ஒரு நோயும் இல்லப்பா. சித்தப்பா அடிச்ச கலப்பத்துதான் எல்லாத்துக்கும் காரணம்."

அறை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நான் கீழே கிடந்தேன். மூடி அப்பாவின் கையில் இருந்தது, அவர் அதை யாரும் பார்க்காதபடி விரல்களால் பொத்தியிருந்தார். சித்தப்பாவின் கையில் கயிறு அப்படியே நின்றுவிட்டது. அம்மா டீ கிளாசை முதலாளியின் ஆளிடம் கொடுக்காமல் தரையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"டீசல்ல தண்ணிய கலந்துட்டு வாய் வேறயா?" என்றார் அப்பா. அப்புறம் முதலாளியின் ஆள் பக்கம் திரும்பி, "பய பாத்த வேலைதாண்ணே. டிரம்முல தண்ணி. நாளையில இருந்து நானே ஊத்திக்கிடுதேன், இனிமே நிக்காதுன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு நாள் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

மிஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "மைனே போலா தா நா?" என்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று.

அதற்குப் பிறகு அந்த வண்டி அந்த மேட்டில் ஒரு நாளும் நிற்கவில்லை. அப்பா மூடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். கையில் ஒரு ஆணி வைத்திருந்தார். சரக்கும் கையைவிட்டுப் போகவில்லை. எல்லோருக்கும் நல்லது நடந்தது, மிஸ்திரிக்குக்கூடப் பேர் கிடைத்தது. வண்டூர் டீசல் வண்டியில் தண்ணீர் இருப்பதைப் பார்வையாலேயே கண்டுபிடித்தவர் என்று அவரைத் தேடி தூரத்துச் சாத்தம் தீவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எனக்கும் ஒரு பேர் கிடைத்தது. தண்ணி டீசல். பள்ளிக்கூடத்தில், கோயிலில், துறையில் எங்கே போனாலும் தண்ணி டீசல். என் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் அப்படிக் கூப்பிட்டார். வண்டூரில் மிச்சமிருக்கும் கிழடுகள், என் டிப்பர் அவர்கள் வாசலில் மணல் கொட்டும்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த அறை எதற்கு விழுந்தது என்று எனக்குத் தெரியவந்தபோது அப்பா உயிரோடு இல்லை. ஒரு சாவு வீட்டில், துறையில் வேலை பார்த்த பழைய ஆள் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மாமாவைக் கொண்டுபோனது காற்று இல்லையாம். காற்றே அடிக்கவில்லையாம். கலப்பத்து விட்டுப்போய்த் தண்ணீர் ஏறித்தான் வள்ளம் போனது என்று துறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். அந்த வள்ளத்துக்குக் கலப்பத்து அடித்தவர் சித்தப்பா. அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் யாருமே வாயில் எடுப்பதில்லை. மாமாவின் அக்காளையும் சித்தப்பாவையும் ஒரே வாசலில் வைத்துக்கொண்டு, ஊரான் முன்னால், மூடியைத் தூக்கிப் பிடித்து அந்தச் சொல்லை நான் எடுத்தேன்.

சரி. காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து வயசுப் பிள்ளையிடம் காற்று என்று பொய் சொன்னது யார்? உண்மையை ஒளித்து வைத்தது அவர்கள். ஒளித்த இடத்தில் நான் தெரியாமல் காலை வைத்தால் அறை எனக்கா? பின்னாலாவது கூப்பிட்டு, மகனே, நீ சொன்னதுதான் சரி என்று காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லவில்லை. சாகிறவரை சொல்லவில்லை.

அன்று அறை வாங்கிய பிறகு நான் வீட்டுக்குள் போகவில்லை. கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த டிங்கிப் படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா தேடிக்கொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். 

"ஏல, மூடிய தொறக்கும்போது சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எப்பிடி?"

உஸ்ஸ் என்று செய்து காட்டினேன்.

"கைய இழுத்துச்சா?"

"இழுத்துச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சிதான் எடுத்தேன்."

"அப்பம் ஒரு பொட்டு காத்துகூட உள்ள போவல."

"போனா வண்டி எதுக்கு நிக்குது?" எனக்கு எரிச்சல். தான் செய்த கோளாறை என் வாயாலேயே கேட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இத்தன நாள் மழ பெஞ்சிருக்கு. வெயில் அடிச்சிருக்கு. கீழ டீசல் கெடந்து குலுங்குது. எங்கயாவது வெடிச்சிருந்துச்சா? ஓரம் கீரம் பேந்திருந்துச்சா?"

"இல்ல."

"விடல?"

"விடல."

"இன்னொரு மட்டம் சொல்லு."

"விடல, விடல, விடல. போதுமா?"

அவர் சிரித்தார். வள்ளம் போன பிறகு சித்தப்பா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் முழுக்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. என் கன்னம் வீங்கிக் கிடக்கிறது, வண்டியை நிறுத்தி வைத்தவர் சிரிக்கிறார். மனுஷனுக்கு வெட்கமே கிடையாதா என்று மணலை உதைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தேன். பின்னால் அவர் தனியாக, "ஒரு பொட்டுகூட விடல" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

அம்மா அடுப்படியில் இருந்தாள். "சித்தப்பாவுக்குக் கிறுக்கு புடிச்சிட்டு. தன்னால சிரிக்காரு" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

சொன்னேன். மூடி, சத்தம், காற்று, வெடிக்கவில்லை, பெயரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "திருப்பிச் சொல்லு" என்றாள். இவளுக்கும் என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக, முதலிலிருந்து திருப்பிச் சொன்னேன்.

அவள் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பெரிய மீன் துண்டாக எடுத்து வைத்தாள். சித்தப்பா தனியாகக் கரையோரக் கொட்டகையில்தான் இருந்தார். வள்ளம் போன நாளிலிருந்து அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது நான். அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது கிடையாது. நான் கையை நீட்டினேன். அவள் தட்டை என்னிடம் தரவில்லை. முந்தானையால் மூடி, தானே எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

பகலில் டீசல் வேலையைப் பிடுங்கியாயிற்று, இப்போது சோறு கொண்டுபோகிற வேலையும் போயிற்று. டீசலில் தண்ணீர் கலந்தவன் குழம்பிலும் கலப்பான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. பெற்ற தாயே நம்பவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆனது.